பாலில் என்ன பாவம்?

வணக்கம் நேயர்களே. இறைச்சி, மீன், முட்டையோடு பாலையும் விட்டுவிட்டேன் என்று சொன்னால், நம் இலங்கை மலையகத்தில் உடனே வரும் கேள்வி இதுதான்: "இறைச்சி சரி, பாலில் என்ன பாவம்?"

தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களுக்கு இதன் பதில் தெரியும். ஒன்பது மாதம் சுமந்து கன்று போட்டால்தான் பசுவின் மடி சுரக்கும். பால் தொடர்ந்து வேண்டுமானால் திரும்பத் திரும்பச் சினைப்படுத்த வேண்டும். கிடேரிக் கன்று என்றால் வீட்டில் சந்தோஷம். காளைக் கன்று என்றால்? அது பால் தராது. தேயிலைச் சரிவில் ஏர் பூட்டவும் வேலை இல்லை. கொஞ்ச நாளில் வியாபாரி வந்து விலை பேசுவார். கறவை வற்றிய பசுவுக்கும் பெரும்பாலும் அதே வழிதான். அம்பேவலப் பண்ணைப் புல்வெளியில் மேயும் ஃபிரீசியன் இனக் கறவை மாடும் கன்று ஈனாமல் கறக்காது. அதனால் பாலையும் இறைச்சியையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கன்றைக் கொண்டுபோன இரவில் தாய்ப்பசு கத்துவதைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வரும் ஒரு தாய், பிள்ளைக்கு முட்டை அவித்துக் கொடுத்தால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரத்தச்சோகையோடு மலை ஏறும் பெண்கள் எத்தனையோ பேர். பால் விற்ற காசில்தான் கொப்பி வாங்கும் வீடுகளும் உண்டு. நான் பேசுவது, கடையில் நின்று எதை எடுப்பது என்று யோசிக்க வசதி உள்ளவர்களிடம்.

எங்கள் வீட்டில் பருப்பு, கௌபி, தேங்காய்ப்பால் சொதி, ரொட்டி, மாசிக் கருவாடு போடாத சம்பல். தேத்தண்ணி எப்போதும் பால் சேர்க்காத பிளேன்டீதான். வைட்டமின் பி12 மட்டும் தாவர உணவை நம்பிக் கிடைக்காது, அதற்கு மாத்திரை எடுக்கிறேன். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளின் பெற்றோரும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

எனக்கு இன்னும் கடினமாக இருப்பது முனியாண்டி பூசை. கிடா வெட்டுவது நேர்த்திக்கடன், முன்னோர் கொண்டுவந்த வழக்கம். அதை மதிக்கிறேன். ஆனாலும் கயிற்றில் நிற்கும் ஆட்டுக்குப் பயம் தெரிகிறது, அதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தின் பங்குக்கு இந்த முறை பொங்கலும் வாழைப்பழமும் படைப்போம் என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.