திருடனே வெளியூர்க்காரன்தான்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டைஸ் பையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"புதிய பதிப்புக்குப் பிற ஆட்டங்களின் விதிகளை எடுத்துக்கொள்வது வளர்ச்சியா, அடையாள இழப்பா?" இதுதான் தலைப்பு. பதிப்பு என்றால், ஆளுக்கொரு கேரக்டராக நடித்து டைஸ் உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிநூல். வளர்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் சற்று முன் உருகிவிட்டார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒரு தனி மரபாம். அடுத்தவர் விதி ஒன்று நுழைந்தாலும் அதன் ரத்தம் கெட்டுவிடுமாம். ஐயா, அந்த ரத்தத்தைக் கொஞ்சம் பரிசோதித்துப் பார்ப்போமா?

1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். எவ்வளவு அடி தாங்கலாம் என்று சொல்லும் ஹிட் பாயிண்டும், கவசத்தின் வலுவைச் சொல்லும் ஆர்மர் கிளாஸும் அதில் எங்கிருந்து வந்தன? அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பல்களை வைத்து ஆடிய போர் விளையாட்டின் விதிகளிலிருந்து எடுத்ததாக ஆர்னசனே சொல்லியிருக்கிறார். கப்பலுக்கு அடித்த கவசத்தைத்தான் உங்கள் பாலடின் வீரர் ஐம்பது வருடமாக மாட்டிக்கொண்டு திரிகிறார்! திருடன் கேரக்டர் மட்டும் என்னவாம்? கலிபோர்னியாவில் ஆடியவர்களின் யோசனை அது. 1975ல் கிரேஹாக் துணைநூலில் அச்சேறியது. திருடனே வெளியூர்க்காரன் என்றால் நான் வேறென்ன சொல்ல, நடுவர் அவர்களே?

சரி, அதெல்லாம் ஆட்டம் தவழ்ந்த காலம் என்பார்கள். 2000ல் வந்த மூன்றாம் பதிப்புக்கு வருவோம். அதற்கு முந்தைய இரண்டாம் பதிப்பில் தாக்கோ என்று ஒரு எண் இருந்தது: ஆர்மர் கிளாஸ் 0 உள்ள எதிரியை அடிக்க டைஸில் விழ வேண்டிய எண். ஆர்மர் கிளாஸ் குறையக் குறையக் கவசம் வலுவாகும். உங்கள் தாக்கோ 17, எதிரியின் ஆர்மர் கிளாஸ் 4 என்றால் 17இலிருந்து 4 போக, டி20 என்ற இருபது முக டைஸில் 13ஆவது விழ வேண்டும். எதிரிக்கு மைனஸ் 2 என்றால்? மைனஸைக் கழிக்க வேண்டும், 19. ராத்திரி பதினொரு மணிக்கு டிராகன் நெருப்பு கக்கும்போது இந்தக் கணக்கு! திருடன் பூட்டைத் திறக்க அதே ஆட்டத்தில் சதவீத டைஸ்; வேறு சில திறமைகளுக்கு டி20யில் குறைவாக விழ வேண்டும். மூன்றாம் பதிப்பு இத்தனையையும் தூக்கிப் போட்டது. டி20யை உருட்டு, உங்கள் திறமை 3ஐக் கூட்டு, அதே எதிரியின் புது ஆர்மர் கிளாஸ் 16ஐ எட்டினால் அடி விழும். இப்போதும் 13தான் விழ வேண்டும். வாய்ப்பு அதே 40 சதவீதம். தலைவலி மட்டும் போய்விட்டது. இந்த ஒரே உருட்டல், அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜானதன் ட்வீட்டுக்குப் புதிதல்ல. 1987ல் அவர் மார்க் ரைன்-ஹேகனோடு சேர்ந்து உருவாக்கிய ஆர்ஸ் மேஜிகா என்ற ஆட்டத்திலும் டைஸோடு திறமையைக் கூட்டி இலக்கு எண்ணை எட்டுவதுதான் அடிப்படை.

"2008ல் நான்காம் பதிப்பு ஆன்லைன் வீடியோ கேம் போல ஆனது, கூட்டம் பாத்ஃபைண்டருக்குப் போனது" என்றார் எதிரணி அம்மா. போனது உண்மைதான். ஆனால் 2009ல் வந்த அந்தப் பாத்ஃபைண்டர் எது? திறந்த உரிமத்தின் கீழ் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றரையாம் பதிப்பு விதிகளை எடுத்துக் கட்டிய ஆட்டம். கடன் வாங்கியது பிடிக்காமல் கோபித்துக்கொண்டு போனவர்கள், கடன் வாங்கிய வீட்டிலேயே குடியேறினார்கள்! அம்மா, எங்களுக்காகப் பேசியதற்கு நன்றி.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இன்ஸ்பிரேஷன் வந்தது: கேரக்டரின் குறைக்கு ஏற்றபடி நடித்தால் ஒரு பரிசு. ஃபேட் என்ற இன்னொரு ஆட்டம் ஆடியவர்களுக்கு அது தெரிந்த முகம். ஃபேட்டில் ஆட்டத்தை நடத்துபவரே வந்து பேரம் பேசுவார்: "நீ பேராசைக்காரன்தானே, அந்தப் பெட்டியைத் திறந்து மாட்டிக்கொள், ஒரு பாயிண்ட் தருகிறேன்." மறுத்தால் நீங்கள் ஒரு பாயிண்ட் கட்ட வேண்டும். ஐந்தாம் பதிப்பில் அந்தப் பேரம் இல்லை, சேர்த்து வைக்கவும் முடியாது. பல மேசைகளில் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது. மிக்ஸியைக் கொண்டுவந்து ஜாரை விட்டுவிட்டு வந்த கதை. குறை எடுத்ததில் இல்லை, பாதியை எடுத்ததில்தான்.

"இது திருட்டு" என்று ஒரு குரல் கேட்டது. ஆட்டம் ஆடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமே சொல்கிறது. எழுதிய வாசகத்துக்கும் வரைந்த படத்துக்கும்தான் உண்டு. முடிந்தது வழக்கு.

அடுத்த பதிப்புக்கு என்ன எடுக்கலாம்? 2019இன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன். நடந்தால் ஒன்று, வெட்டினால் ஒன்று, பெரும்பாலான மந்திரங்களுக்கு இரண்டு. இரண்டாவது வெட்டுக்குப் பொதுவாக மைனஸ் 5 என்பதால், வெட்டுவதா, விலகுவதா என்று யோசிக்க வைக்கும். நம் மேசையிலோ புதிதாக வருபவர் "இது ஆக்‌ஷனா, போனஸ் ஆக்‌ஷனா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். அப்புறம், பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டத்தின் கடிகாரம்: ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரித்து, காவலர்கள் உஷாராக உஷாராகத் துண்டுகளை நிரப்பிக்கொண்டே போவது. ஒரு பென்சில் போதும்; ஆபத்து எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் மரபைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். பேசி முடித்ததும் இந்த இரண்டு விதிகளால் எந்தக் கேரக்டர், எந்த டிராகன், எந்தக் குகை காணாமல் போகும் என்று பெயர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.