மென்பொருளால் அழிக்க முடியாத பொய் அலை

வணக்கம் நண்பர்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு நேராக வரைபடத்துக்கே போய்விடலாம். குவாசூலு-நட்டால் கரும்பு ஆலைகளில் அளவுக்கருவி வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

கணினியில் நான் போட்டுக் காட்டுவது தெர்மோகப்பிள், அதாவது வெப்பத்தைச் சிறு வோல்டேஜாகத் தரும் உணரி, அதன் சிக்னல். நொடிக்கு 10 அளவு எடுக்கிறோம். வெப்பநிலை 10 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, தெரிகிறதா? உண்மையில் அப்படி ஓர் ஏற்ற இறக்கமே கிடையாது. கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்தான் தரும். அந்தக் கம்பி மோட்டார் கேபிளை ஒட்டிப் போனால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் ஏறிவிடும்.

50 ஹெர்ட்ஸ் எப்படி இவ்வளவு மெதுவான அலையாகிறது? மின்சாரத்தின் அதிர்வெண் எப்போதும் சரியாக 50-இல் நிற்காது. 49.9 என்று வையுங்கள். நாம் அளக்கும் வேகத்தின் மடங்குகளில் மிக அருகே இருப்பதற்கும் சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம்தான் அலையாகத் தெரியும். இங்கே 10-இன் மடங்குகளில் 49.9-க்கு மிக அருகே இருப்பது 50. வித்தியாசம் 0.1 ஹெர்ட்ஸ், அதாவது 10 நொடிக்கு ஓர் அலை. இதுதான் அலையாஸிங். லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) நேரத்தில் ஜெனரேட்டர் 51.5-இல் ஓடினால் அதே இடத்தில் 1.5 ஹெர்ட்ஸ் அலை வரும். ஒன்றும் தெரியாதவர் பாய்லரைத்தான் சந்தேகப்படுவார்.

சந்தேகம் வந்தால் சாம்ப்ளிங் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை அளவு என்பதை, மாற்றிப் பாருங்கள். 10-ஐ 11 ஆக்கினால் 49.9 ஹெர்ட்ஸ் இப்போது 5.1 ஹெர்ட்ஸாகத் தெரியும். உண்மையான வெப்பநிலை மாற்றம் அப்படி இடம் மாறாது.

சரி, வேண்டாத அதிர்வெண்களைக் குறைக்கும் ஃபில்டரை மென்பொருளில் போட்டு எடுத்துவிடலாமே என்பீர்கள். முடியாது. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். வோல்டேஜை எண்களாக மாற்றும் ஏடிசியைத் தாண்டிய பிறகு 49.9-உம் 0.1-உம் ஒரே எண்கள்தான். பொய்யை எடுக்கப் போனால் மெதுவான உண்மை மாற்றமும் சேர்ந்து போய்விடும். அதனால் ஏடிசிக்கு முன்னால் ஓர் அனலாக் ஃபில்டர், அதாவது மின்பாகங்களால் ஆன ஃபில்டர், இருந்தே ஆகவேண்டும்.

ஆனால் அதையே முழுக்க நம்பினாலும் சிரமம். ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் கொண்ட ஃபில்டர், அதிர்வெண் பத்து மடங்கானால் சிக்னலைப் பத்தில் ஒரு பங்காகத்தான் குறைக்கும். செங்குத்தாக வெட்ட வேண்டுமென்றால் சர்க்யூட் பெரிதாகும், பாகங்களின் துல்லியமும் உறுத்தும். எனக்குப் பிடித்த வழி, வேகமாக அளந்துவிட்டுப் பிறகு குறைப்பது. நொடிக்கு 1000 அளவு எடுங்கள். முன்னால் 10 கிலோ ஓம், 1.5 மைக்ரோஃபாரட் போடுங்கள். ஃபில்டர் குறைக்கத் தொடங்கும் இடம் 10 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே விழும். இப்போது மெதுவான பொய் அலையாகக்கூடிய, 1000 ஹெர்ட்ஸ் அருகில் இருப்பது ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டரின் சுவிட்சிங் இரைச்சல் அதற்கும் மேலே இருப்பதால் இன்னும் நன்றாக அடங்கும்.

அப்புறம் 100 அளவுகளைச் சராசரி எடுத்து ஒன்றாக்குங்கள். பழையபடி நொடிக்கு 10 அளவு கிடைக்கும். 100 மில்லிநொடியில் மின்சாரத்தின் 5 சுற்றுகள் முழுதாக அடங்குவதால் 50 ஹெர்ட்ஸ் தானே கழிந்துவிடும். 49.9 வந்தாலும் இந்தச் சராசரி மட்டுமே அதை ஐந்நூறில் ஒரு பங்காக்கும். ஜெனரேட்டரின் 51.5 மட்டும் அவ்வளவு அடங்காது, முப்பத்தைந்தில் ஒரு பங்குதான். ஜெனரேட்டரை நம்பி ஓடும் இடமென்றால் சராசரியை விட்டுவிட்டு மெதுவான மாற்றங்களை மட்டும் விடும் நல்ல டிஜிட்டல் லோ-பாஸ் ஃபில்டர் போட்டபிறகு குறையுங்கள்.

சிக்மா-டெல்டா வகை ஏடிசிக்குள் இதெல்லாம் ஏற்கெனவே நடக்கிறது. இருந்தும் வெளியே அந்தச் சின்ன ஆர்சி (ரெசிஸ்டர்-கெபாசிட்டர்) ஃபில்டர் தேவை, ஏனென்றால் அதன் டிஜிட்டல் ஃபில்டர் மாடுலேட்டரின் (உள்ளே வேகமாக அளக்கும் பகுதியின்) வேகத்தருகே மறுபடி திறந்துகொள்ளும்.

பல சேனல்களை மல்டிபிளெக்சர் என்ற சுவிட்ச் மாற்றி மாற்றி அளக்கும் கார்டு வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஃபில்டரை மல்டிபிளெக்சருக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் முந்தைய சேனலின் வோல்டேஜ் அடுத்ததில் ஒட்டிக்கொண்டே வரும்.