மாத்திரையில் கை வைக்காதீர்கள்: ஏற்காடு கொடி நாள் கூட்டத்தில் பேசியது

டிசம்பர் 7, கொடி நாளன்று ஏற்காட்டில் முன்னாள் படைவீரர்கள் கூடியபோது நான் பேசியது இது. எழுதிக் கொடுங்கள், வர முடியாதவர்களுக்கு அனுப்பலாம் என்று கேட்டார்கள். ஞாபகத்தில் இருந்தபடி எழுதியிருக்கிறேன், மேடையில் விட்டுப்போன இரண்டொரு விவரத்தையும் சேர்த்திருக்கிறேன்.

தலைமை ஏற்றிருக்கும், 1971 போரைக் கண்ணால் பார்த்த எங்கள் ஹானரரி கேப்டன் ஐயா அவர்களே, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து இந்தப் பனியிலும் வந்து உட்கார்ந்திருக்கும் வருவாய் ஆய்வாளர் அவர்களே, போன மாதம் நமக்கு முகாம் நடத்தி எல்லாருக்கும் சர்க்கரை பார்த்துக் கொடுத்த டாக்டரம்மா அவர்களே, பிள்ளைகளை அனுப்பிக் கொடிப் பாட்டுப் பாட வைத்த தலைமை ஆசிரியை அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்ததோடு எல்லாருக்கும் தன் தோட்டத்துக் காப்பியும் போட்டுக் கொடுத்த எஸ்டேட்காரர் அவர்களே, நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடைப் பக்கமிருந்து நடந்தும் ஜீப்பிலும் வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் வீரர்களின் மனைவிமார்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். கேப்டன் ஐயாவுக்கு முழங்கால் வலி. நான் பேசும்போதெல்லாம் எழுந்து நிற்கப் பார்க்கிறார். ஐயா, உட்காருங்கள், உங்களுக்கு நாங்கள்தான் நிற்க வேண்டும்.

நோட்டீஸில் மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். ஒன்று, படைவீரர்களுக்கு அன்றாடம் கிடைக்கிற மருந்து, மருத்துவம். இரண்டு, 2023-ல் மாற்றிய டிஸெபிலிட்டி பென்ஷன், அதாவது சர்வீஸில் உடம்பு கெட்டவர்களுக்கான பென்ஷன் விதிகள். மூன்று, நான்கு வருஷத்துக்கு மட்டும் படையில் சேர்க்கிற அக்னிவீர் பிள்ளைகளின் நிலைமை. மூன்றையும் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் அம்மா ஒரு பழமொழி அடிக்கடி சொல்லும். ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, அக்கரை போனால் நீ யாரோ நான் யாரோ. நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக 22 வருஷம் இருந்தேன். அந்தப் பழமொழி நடப்பதைப் பல தடவை பார்த்தேன், நடக்காமல் தடுத்த ஒரு மனிதரையும் பார்த்தேன். அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

1994-ல் என்னை லடாக்கில் ஒரு பீரங்கி ரெஜிமென்டோடு இணைத்திருந்தார்கள். எம்ஐ ரூம் என்றால் நம்மவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது அந்தப் படைப்பிரிவின் சொந்த ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், என்னைப் போல இரண்டு மூன்று பேர், நடுவில் மண்ணெண்ணெய் புகாரி அடுப்பு, அவ்வளவுதான். காலையில் உடம்பு சரியில்லாதவர்கள் சிக் ரிப்போர்ட்டில் வந்து வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையில் நம் வாழப்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன், 22, 23 வயசு இருக்கும், ஒன்பது நாள் தொடர்ந்து வந்தான். தலைவலி. அந்த உயரத்தில் தலைவலி என்றால் யாரும் லேசாக எடுக்க மாட்டார்கள், மூச்சுக்காற்று கம்மியான இடம், தலைவலியில் ஆரம்பித்து மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து ஆளே போய்விடலாம். டாக்டர் பஞ்சாப்காரர், கேப்டன். ரத்த அழுத்தம் பார்த்தார், நுரையீரல் கேட்டார், கண் பார்த்தார், ஒரு நாள் படுக்க வைத்து ஆக்சிஜன்கூட வைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, தலைவலி மட்டும் போகவில்லை. மற்றவர்கள் அவனைப் பஹானா பண்ணுகிறான், அதாவது வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், படையில் ஒருத்தனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

பத்தாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உன் ஊர்க்காரன்தானே, அவன் மொழியில் கேள் என்றார். அந்த ரெஜிமென்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாலைந்து பேர்தான். புகாரி பக்கத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கோட்டுக்குள் கைவிட்டு ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்தான், 56 ஏபிஓ என்கிற ராணுவத் தபால் முகவரி போட்டது, மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது. அவன் அம்மா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதியது. எனக்கு இன்றைக்கும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. இளைப்பு அதிகமாகி மாத்திரை வாங்கப் போனேன், உன் அட்டையில் என் பேர் இல்லையாம், அனுப்பிட்டாங்க, பரவாயில்லை, தோட்டை வெச்சு வெளியில வாங்கிக்கிட்டேன், நீ இதை நினைச்சுக் கவலைப்படாதே, குளிருக்குப் பத்திரமா இரு.

அதை நான் இந்தியில் டாக்டருக்குச் சொன்னேன். தோட்டை வைத்தேன் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் எழுந்து, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, ரெஜிமென்டின் நிர்வாகத்தைப் பார்க்கும் ஆபீசரான அட்ஜுடன்ட்டின் கூடாரத்துக்கு நேராக நடந்தார். விஷயம் இதுதான்: அம்மாவைத் தன்னைச் சார்ந்தவர் என்று காட்டுகிற பார்ட் டூ ஆர்டர் என்கிற பதிவு உத்தரவு அந்தப் பையனுக்கு வெளியாகவே இல்லை. ஏதோ ஒரு மேசையில் ஒரு தாள் தூங்கிவிட்டது. டாக்டர் அன்றைக்கே அதை எழுத வைத்தார், லீவில் ஊருக்குப் போகிற ஒருவன் கையில் நகல் கொடுத்து அந்த அம்மாவின் வீடு வரைக்கும் போய்ச் சேர வைத்தார். ஆறு வாரம் கழித்து அடுத்த லெட்டர் வந்தது. மருந்து குடுத்தாங்க, இப்ப மூச்சு பரவாயில்லை என்று. தலைவலி அதோடு போய்விட்டது. அவன் அப்புறம் நல்லபடியாக சர்வீஸ் முடித்து ஊர் வந்து, இன்றைக்குப் பேரன் பேத்தியோடு இருக்கிறான்.

யோசித்துப் பாருங்கள். சில ரூபாய் பெறும் இளைப்பு மாத்திரை. அதுக்காக அம்மா தோட்டை வைத்ததை நினைத்துத் தவித்த அந்த ஒன்பது நாளும் ராத்திரி இரண்டு மணிக் காவலில் துப்பாக்கியோடு நின்றது அந்தப் பையன்தான். அவன் கண் எல்லையைப் பார்க்குமா, அம்மாவின் காதைப் பார்க்குமா? படைவீரனின் மனோபலம் என்று மேடையில் பெரிதாகப் பேசுகிறோம். அது விமானத்திலும் ஏவுகணையிலும் மட்டும் இல்லை, ஊரில் அவன் வீட்டு அலமாரியில் இருக்கிற மாத்திரை அட்டையில் இருக்கிறது. பெரிய ஆபரேஷனுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், சந்தோஷம். அது வாழ்க்கையில் ஒரு தடவை. ரத்த அழுத்த மாத்திரை தினமும் காலையில் வேண்டும். சிக்கனம் என்று வரும்போது முதலில் இந்தச் சின்னதில்தான் கை வைக்கிறார்கள், சின்னது போனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று.

சரி, இன்றைக்கு வருவோம். 2003 ஏப்ரல் 1-ல் இசிஎச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் வந்தது. அதுக்கு முன்னால் பென்ஷன் வாங்கினவனுக்கு ராணுவ மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற நிலைமைதான். திட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன், சேலத்தில் நமக்கென்று பாலிகிளினிக் இருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அது இனாம் இல்லை என்பதையும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹவில்தார் வரைக்கும் 30,000 ரூபாய், சுபேதார் மாதிரியான ஜேசிஓ என்றால் 67,000, ஆபீசர் என்றால் 1,20,000 என்று ஓய்வு பெறும்போதே நம் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். போர் விதவைகளுக்கும் 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் அது விலக்கு. நாடு முழுவதும் பாலிகிளினிக்குகளில் மருந்துத் தட்டுப்பாடு இருப்பதை மத்திய தணிக்கைத் துறையே 2015-ல் அறிக்கையாகக் கொடுத்தது. சீட்டில் என்ஏ என்று எழுதினால் என்ன அர்த்தம் என்று இங்கே எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்லும். மருந்து இல்லை. வெளியில் வாங்கு, பில் கொடு, பணம் வரும்போது வரும். 30 வயசு ஆளுக்கு அது ஒரு அலைச்சல். 78 வயசு அம்மாவுக்கு அது மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவது. பாதி மாத்திரை போடுகிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் தலை குனிய வேண்டாம் என்பதற்காகக் கை தூக்கச் சொல்லவில்லை.

இதில் மலைக்காரர்களின் கஷ்டம் தனி. சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. ரத்த அழுத்தம் இருக்கிற அம்மா அந்த வளைவில் தலைசுற்றி வாந்தியெடுத்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, மறுபடியும் அதே 20 வளைவு ஏற வேண்டும். உள்கிராமம் என்றால் ஏற்காடு வந்து சேரவே அரை நாள் போய்விடும். ஆறு கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பது நமக்கு இப்படித்தான் வருகிறது, யாரும் வாயால் சொல்வதில்லை, தூரம் சொல்லிவிடுகிறது.

அதனால்தான் மூன்று வருஷமாக நான் ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறேன். மாதம் இரண்டு நாள் ஒரு டாக்டர், ஒரு பார்மசிஸ்ட், ஒரு மருந்துப் பெட்டி ஏற்காட்டுக்கு வர வேண்டும். கட்டடம் வேண்டாம், இந்த மண்டபமே போதும், எஸ்டேட்காரர் தருவதாகச் சொல்லிவிட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், இளைப்பு, இந்த மூன்றுக்கும் ஒரு மாத மருந்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.

சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மோகன் குமாரமங்கலம் பேர் வைத்திருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். அவருடைய அண்ணன் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி. திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலம், அன்றைக்கு அது நம் சேலம் ஜில்லா. இரண்டாம் உலகப் போரில் எதிரியிடம் கைதியாகி, தப்பிக்கப் பார்த்து மறுபடியும் பிடிபட்டவர் அவர். தம்பி பேரில் ஆஸ்பத்திரியும் அண்ணன் பேரில் படைப் பெருமையும் ஒரே மண்ணில் இருக்கும்போது, இந்த மலைக்கு ஒரு மருந்துப் பெட்டி வராதா என்று நான் உரிமையோடு கேட்கிறேன்.

இரண்டாவது, டிஸெபிலிட்டி பென்ஷன். 2023 செப்டம்பரில் புது விதிகள் வந்தன, இனிமேல் பலருக்கு அது இம்பேர்மென்ட் ரிலீஃப் என்கிற பேரில் வரும். சர்வீஸில் வந்த ரத்த அழுத்தம், சர்க்கரை இதையெல்லாம் எப்படிக் கணக்கெடுப்பது என்பதில்தான் பயம். அதுக்குத் தனிக் கூட்டம் போட்டு, விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுவோம்.

மூன்றாவது, அக்னிவீர். 2022 ஜூனில் அறிவித்தார்கள். நான்கு வருஷம், அதில் 25 சதவீதம் வரைக்கும்தான் உள்ளே இருக்க முடியும். மற்றவர்கள் சேவா நிதி என்கிற ஒரு மொத்தத் தொகையோடு வெளியே வர வேண்டியதுதான். பென்ஷன் கிடையாது, இசிஎச்எஸ் கிடையாது, முன்னாள் படைவீரர் என்கிற பேரும் கிடையாது. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிகளுக்கு 2026 முடிவை ஒட்டி நான்கு வருஷம் நிறைகிறது. நம் வீட்டுப் பிள்ளை 17, 18 வயசில் போய்ப் பனியில் நின்று 22-ல் ஊர் வந்து, நுரையீரலில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றால் எந்த அட்டையை எடுத்து நீட்டுவான்? ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பியா? மலைக்கு டாக்டரும் மருந்துப் பெட்டியும் வந்தால் அந்தப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்று, அதைக் கேட்டு எழுதியிருக்கிற மனுவில் நான்காவது வரியாகச் சேர்த்திருக்கிறேன்.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு சர்வீஸ் நம்பரும் எழுதுங்கள், வெறும் கையெழுத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கைநாட்டு வைக்கிற அம்மாமார்களுக்கு டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். கணவரின் நம்பர் ஞாபகம் இல்லாவிட்டால் பென்ஷன் புத்தகத்தில் இருக்கும், நாளைக்குக் கொண்டுவந்து எஸ்டேட்காரர் வீட்டில் கொடுத்தாலும் போதும். வியாழக்கிழமை நானே எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறேன். ஜெய்ஹிந்த்.