ஜனவரித் தீர்மானம் பிப்ரவரிக்குத் தாங்குமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் முறுக்கோடு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

புத்தாண்டில் உடல்நலத்துக்கு இலக்கு வைப்பது பலன் தருமா, வெறும் சடங்கா என்பது தலைப்பு. பலன் தரும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, "ஜனவரியில் ஜிம்முக்குப் பணம் கட்டுகிறவன் பிப்ரவரியில் அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போகிறான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டு ட்ரெட்மில் கைப்பிடியில் இந்த நிமிடம்கூட இரண்டு துண்டும் ஒரு பாவாடையும் காய்கின்றன.

ஆனால் தம்பி, அது இலக்கின் குற்றமா? "மூன்று மாதத்தில் பதினைந்து கிலோ" என்று அன்றைக்கு எழுதி வைத்தேன். பிரியாணி சாப்பிட்ட கையோடு எழுதினேன் என்பது வேறு விஷயம். எத்தனை கிலோ இறங்கும் என்பது என் கையில் இல்லை. காலையில் செருப்பை மாட்டுவது என் கையில் இருக்கிறது. இலக்கை அங்கே வைத்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த அம்மா, "தினமும் பத்தாயிரம் அடி யாரால் நடக்க முடியும்?" என்று கேட்டார். அம்மா, அந்தப் பத்தாயிரம் டாக்டர் சீட்டில் பிறந்ததே இல்லை. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். கடைச்சரக்குக்கு வைத்த பெயர் நமக்கு விதியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை மாதிரி மிதமான உழைப்பு. ஏழால் வகுத்தால் நாளைக்கு 22 நிமிடம்கூட வரவில்லை. சீரியலில் மாமியார் திரும்பிப் பார்க்கவே அவ்வளவு நேரம் ஆகிறது!

எனக்குச் சர்க்கரை உண்டு. போன ஜனவரியில் இரண்டே இலக்குதான். ராத்திரி சாப்பிட்டதும் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி ஒரு சுற்று, அப்புறம் காபிக்குச் சர்க்கரை கிடையாது. முதல் வாரம் காபி கஷாயமாகத்தான் இறங்கியது. பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே நடந்த நாளுக்கு ஒரு டிக், நடக்காத நாளுக்குப் பெருக்கல் குறி. பிப்ரவரியில் ஒன்பது பெருக்கல் குறி. பால்காரரே பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒன்பது நாள் பால் வேண்டாமா?" என்றார்.

எச்பிஏ1சி என்கிற சர்க்கரைப் பரிசோதனை இங்கே பலருக்கும் தெரியும். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அதில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறார்கள். அதனால் கடைசி இரண்டு மூன்று மாதத்துக் கணக்கும் வெளியே வந்துவிடும். முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. ஜனவரியில் தொடங்கினேன், ஏப்ரலில் விடைத்தாள் வந்தது. 8.4 இருந்தது 7.3 ஆகியிருந்தது. மாத்திரை அதே மாத்திரைதான். பிப்ரவரி ஒன்பதும் சேர்ந்த மதிப்பெண் அது.

"அதற்கு ஏன் ஜனவரி 1? எந்த நாளிலும் தொடங்கலாமே" என்கிறது எதிரணி. சரி, தொடங்கினீர்களா? எந்த நாளும் ஒன்றுதான் என்றால் அது நாளைக்குத்தான் போகும். வாடகை வீட்டில் பால் காய்ச்சக்கூட நாள் பார்க்கிற ஆட்கள் நாம். அதுவும் நமக்கு அரியர் எழுத வசதி உண்டு. ஜனவரியில் விட்டால் தை 1, அதிலும் விட்டால் சித்திரை 1!

நடுவர் கை மணிப்பக்கம் போகிறது. தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், கொஞ்சம் சீக்கிரமாகவும் தாருங்கள். மணி ஒன்பதாகிறது, நான் இன்னும் பிள்ளையார் கோயில் வரை போய்வர வேண்டும். நன்றி, வணக்கம்.