மந்திரக்கதைப் புத்தகத்தின் மேல் புகார் வந்தால்

வணக்கம் நேயர்களே. பள்ளிக்கூட நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும், பிள்ளையின் பையில் மாயாஜாலப் புத்தகத்தைப் பார்த்து யோசனையில் ஆழ்கிற பெற்றோருக்குமாக இன்றைய உரை.

அண்மைக் காலத்துச் சிறுவர் நூல்களில் ஹாரி பாட்டர் அளவுக்குத் திட்டு வாங்கியது வேறில்லை. 1997-ல் முதல் பாகம் வந்தது. 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களில் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் அந்த வரிசைக்கே முதலிடம்.

ஆட்சேபிக்கிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. அவர்கள் பேச்சுக்குள் ஒரு நியாயம் ஓடுகிறது. விவிலியத்தில் உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறி பார்ப்பதையும் சூனியத்தையும் விலக்கச் சொல்கிறது. பழைய கதைகளில் சூனியக்காரி கெட்டவள், கடைசியில் தோற்றுப்போவாள். இதிலோ நல்ல பிள்ளைகளே வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி மந்திரம் கற்கிறார்கள். உறுத்துவது அதுதான். "மதுரையில் கல்யானை கரும்பு தின்ற கதையைச் சொல்லித்தானே பிள்ளை வளர்க்கிறோம்?" என்று கேட்டால், அது இறைவன் திருவிளையாடல், பிள்ளை செய்து பார்க்கிற வித்தையல்ல என்பார்கள். இந்தப் பதிலை எதிர்பார்க்காமல் வாதாடப் போனால் பேச்சு சண்டையில்தான் முடியும்.

இன்னொரு கோபம், விதியை மீறிப் பொய் சொல்கிற பிள்ளைகளுக்குக் கதையில் பாராட்டும் கிடைக்கிறதே என்பது. மூன்றாவது, பயம். அதில் எனக்கும் உடன்பாடு உண்டு. இங்கிலாந்துப் பதிப்பில் முதல் பாகம் 223 பக்கம், நான்காவது 636 பக்கம். நான்காவதில் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான். முதல் பாகத்தை முடித்த ஒன்பது வயதுப் பிள்ளையிடம் மீதியையும் மடமடவென்று எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை. நான்காம் பாகத்திலிருந்து மேல்வகுப்புத் தட்டில் அடுக்குங்கள்.

புகார் வந்தால் முதலில் எழுதி வாங்குங்கள். எந்தப் பாகம், எந்தப் பக்கம், முழுவதும் படித்தீர்களா, உங்கள் பிள்ளைக்கு மட்டும் வேண்டாமா, எல்லாப் பிள்ளைக்கும் வேண்டாமா? கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. தன் பிள்ளைக்கு மட்டும் என்றால், வழங்கல் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே குறித்தால் முடிந்தது. எல்லாருக்கும் என்றால், ஆசிரியர் இருவர், பெற்றோர் ஒருவர் உட்காரட்டும். மூவரும் நூலை முழுவதும் படித்த பிறகே பேசட்டும். அதுவரை புத்தகம் தட்டைவிட்டு இறங்கக் கூடாது. வாய்மொழிப் புகாருக்கே பயந்து அன்றைக்கே பீரோவில் வைத்துவிட்டால், பிறகு அதை வெளியே எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது.

"பெற்றோர் கையெழுத்தோடு வந்தால் கொடுப்போம்" என்பது நடுவழி போலத் தோன்றும். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்துச் சீடர்வில் பள்ளி நிர்வாகம் 2002-ல் அதைத்தான் செய்தது. புகார் ஒரு பாகத்தின் மேல். கட்டுப்பாடு எல்லாப் பாகத்துக்கும். நூலகக் குழு 15-0 என்று கட்டுப்பாடு வேண்டாமென்றது. நிர்வாகக் குழு 3-2 என்று பூட்டியது. 2003-ல் கூட்டாட்சி நீதிமன்றம் திறந்த தட்டுக்கே திருப்பி வைக்க உத்தரவிட்டது. வழக்குப் போட்ட மாணவிக்கு வீட்டில் அனுமதி இருந்தும், கேட்டு வாங்க வேண்டியிருப்பதே சுமை என்றது தீர்ப்பு. எல்லார் முன்னாலும் நின்று கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை கேட்காமலே போய்விடும்.

நம் நாட்டில் ஒரு நூலைப் பறிமுதல் செய்வதாக அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 98. காரணத்தைச் சொல்லி அறிவிக்கை வெளியிட வேண்டும். பகை மூட்டுதல், ஆபாசம், மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துதல் போன்றவைதாம் காரணங்கள். மந்திரம் அதில் இல்லை. அறிவிக்கை வந்த இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மூன்று நீதிபதிகள் விசாரிப்பார்கள். பள்ளி நிர்வாகத்துக்கு இந்த அதிகாரம் கிடையாது. பூட்டத்தான் முடியும்.

பூட்டு என்றதும் ஒன்று. புகாரே இல்லாமல் பல பள்ளிகளில் பீரோ பூட்டியே கிடக்கிறது. கிழிந்தால் யார் பதில் சொல்வது என்ற கவலை. கிழிந்ததைப் பதிவேட்டில் சேதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சாவி இருவரிடம் இருக்கட்டும். ஒருவர் பயிற்சிக்குப் போனாலும் நூலக வேளை நிற்காது. நன்றி, வணக்கம்.