வீட்டிலேயே கார் லிஃப்ட்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

(காட்சி: தரையில் படுத்துக் கிடக்கும் இரும்புச் சட்டம், அதற்கு மேல் கார்)

மேலயும் கீழயும் ஒவ்வொரு சட்டம், ரெண்டையும் இணைக்கிற கைகள். இதே மாதிரி காரோட மறுபக்கமும் ஒண்ணு. கைகள் படுத்திருந்தா சட்டம் தரையோட கிடக்கும், நிமிர்ந்தா காரோட மேல வரும். குறைஞ்ச செலவுல செய்ய இதைவிடத் தோதான வடிவம் எனக்குத் தெரியல. ரெண்டு தூண் லிஃப்ட் மாதிரி கான்கிரீட்ல போல்ட் இறக்க வேண்டாம், உயரமான கூரையும் வேண்டாம். அரை மீட்டர் ஏறினாலே ஆயில் மாத்தலாம், பிரேக் பாக்கலாம், சைலன்சரைக் கழட்டலாம். நின்னுக்கிட்டே வேலை பாக்கற ஆசையை மட்டும் விட்டுடுங்க.

(வரைபடம்: கை தரையோடு 10 டிகிரியில்)

நிறைய பேர் தடுமாறுற இடம் இதுதான். மேல்சட்டத்தை ஹைட்ராலிக் சிலிண்டரால கிடைமட்டமா தள்ளித்தான் கைகளை நிமிர்த்தப் போறோம். கை 45 டிகிரில இருந்தா, காரோட எடை அளவு விசை போதும். 10 டிகிரில? எடையை மாதிரி 5.7 மடங்கு! ஒன்றரை டன் காருக்கு எட்டரை டன். "தூக்க மாட்டேங்குது"ன்னு பெரிய சிலிண்டரா வாங்கி மாட்டுவாங்க, கையைச் சட்டத்தோட இணைக்கிற பின் (இரும்புத் தண்டு) வளைஞ்சுடும். கோணத்தை மாத்துங்க. 25 டிகிரில ஆரம்பிச்சா 2.1 மடங்குதான், அதாவது 3.2 டன். சட்டம் கொஞ்சம் உயரமா கிடக்கும், அதனால காரை முதல்ல மரச் சரிவுல ஏத்திக்கணும். அவ்வளவுதான் செலவு.

50 மில்லிமீட்டர் விட்டச் சிலிண்டர் 100 பார் அழுத்தத்துல கிட்டத்தட்ட 2 டன் தள்ளும். பக்கத்துக்கு ஒண்ணு போட்டா 4 டன். பழைய சிலிண்டரே வாங்கலாம், தப்பில்ல. ஆனா ஒரே பம்புல ரெண்டையும் மாட்டினா ஆயில் லேசான பக்கம்தான் முதல்ல ஓடும், கார் சாயும். ரெண்டு சட்டத்தையும் முறுக்குக்கு அசையாத கனமான குறுக்குக் குழாயால இணைச்சுடுங்க.

(காட்சி: முட்டு பள்ளத்தில் விழும் நெருக்கக் காட்சி)

மிச்சம் பிடிச்ச காசையெல்லாம் இங்க போடுங்க. சிலிண்டர்ல ஆயில் கசியாம தடுக்கிற சீல் சொல்லிட்டுப் போகாது. கார் ஏறினதும் தானாவே பள்ளத்துல விழற முட்டு பக்கத்துக்கு ஒண்ணு வேணும். எடை இருக்கறவரை அது கழலக் கூடாது. கொஞ்சம் தூக்கினாத்தான் விடுபடணும். பின்னை ஒரு பக்கம் மட்டும் தாங்க விடாதீங்க, ரெண்டு பக்கமும் காது (பின் நுழையற ஓட்டை போட்ட தகடு) வைங்க. அந்தக் காது வெல்டிங்ல கை நம்பிக்கை இல்லேன்னா, வெட்டறது பொருத்தறது எல்லாம் நீங்க செஞ்சு, அதை மட்டும் தேர்ந்த வெல்டர்கிட்ட குடுங்க.

முட்டு விழறவரை யாரும் கீழ போகக் கூடாது. விழுந்தப்புறமும் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி அண்டக் குடுங்க. ஹாலோ பிளாக் மட்டும் வேண்டவே வேண்டாம். மரம் நசுங்கும்போது முனகும், பிளாக் திடீர்னு நொறுங்கும்.

(காட்சி: மணல் மூட்டைகள்)

முதல்ல ஏறப் போறது கார் இல்ல, மணல். கார் எடையைப் போல ஒன்றரை மடங்கு அடுக்கி, முட்டுல நிறுத்தி, நாலு மூலையிலயும் உயரம் அளந்து எழுதி வைங்க. ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல திரும்ப அளங்க. ஒரு மூலை இறங்கியிருந்தாலும், எல்லாப் பின்னையும் கழட்டி எது வளைஞ்சிருக்குன்னு தேடுங்க.