எந்த முடிவுக்காக ஆராய்கிறோம்? பள்ளி மேம்பாட்டில் செயலாராய்ச்சியின் இடம்

தலைமையாசிரியர்களே, ஆசிரிய நண்பர்களே, பள்ளி மேலாண்மையில் பங்கேற்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எந்தப் பாடத்திற்குக் கூடுதல் பாடவேளை ஒதுக்குவது, பின்தங்கிய மாணவர்களைத் தனிக் குழுவாகப் பிரித்துக் கற்பிப்பதா, வீட்டுப்பாடத்தைக் குறைப்பதா என்று ஒரு பள்ளி ஆண்டுதோறும் பல முடிவுகளை எடுக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை அனுபவத்தையும், மேலிடத்து அறிவுறுத்தலையும், வேறொரு பள்ளியில் பலன் தந்ததாகக் கேள்விப்பட்டதையும் கொண்டே எடுக்கப்படுகின்றன. அனுபவத்தின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும், நம் மாணவர்களின் ஏடுகளிலேயே சான்று கிடக்கும்போது, அதைப் புரட்டிப் பார்க்காமல் அவர்களுடைய கல்வியாண்டு ஒன்றை ஊகத்திடம் ஒப்படைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆசிரியர்கள் தம் பணியைத் தாமே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் செயலாராய்ச்சி என்னும் முறை இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. திட்டமிடுதல், செயற்படுத்துதல், விளைவை ஆராய்தல், அதன் வெளிச்சத்தில் மீண்டும் திட்டமிடுதல் என்ற சுழற்சியைச் சமூக உளவியலாளர் குர்ட் லெவின் 1946-இல் விளக்கினார். அமெரிக்காவில் ஸ்டீபன் கோரே 1950-களில் அதைப் பள்ளிகளுக்கு உரியதாக்கினார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1970-களில், ஆசிரியரே தம் வகுப்பறையின் ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். வரலாற்றை இவ்வளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நான் இன்று வற்புறுத்த வந்தது ஒன்றுதான். ஆராய்ச்சியைத் தொடங்கும் முன்பே, அது எந்த முடிவுக்காக நடக்கிறது என்பதையும், எவ்வகைச் சான்று கிடைத்தால் அந்த முடிவை மாற்றிக்கொள்வோம் என்பதையும் ஆசிரியர் கூட்டத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். இதைச் செய்யாத ஆராய்ச்சிகள், ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு நற்சான்றிதழ் வழங்கும் அறிக்கைகளாகவே பெரும்பாலும் முடிந்துபோகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்குத் தேர்வில் சொற்கணக்குகளைத் தவறாகச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கலிலும் வகுத்தலிலும் பயிற்சி போதவில்லை என்று கருதி, கணக்குக்கு வாரம் இரண்டு பாடவேளைகளைக் கூட்டலாம் என்ற எண்ணம்தான் நமக்கு முதலில் தோன்றும். இந்த முடிவை எடுக்கும் முன், தவறு செய்த மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து, அதே கணக்கை மீண்டும் செய்யச் சொல்லி உடனிருந்து கேட்க வேண்டும். ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977-இல் இதற்கென ஐந்து படிகளை வகுத்துத் தந்தார். கணக்கை வாசிக்க முடிகிறதா, அது என்ன கேட்கிறது என்று புரிகிறதா, எந்தச் செயலைப் பயன்படுத்த வேண்டும் என்று தெரிகிறதா, கணக்கீட்டைப் பிழையின்றிச் செய்ய முடிகிறதா, கிடைத்த விடையைக் கேள்விக்கு ஏற்ப எழுத முடிகிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால், மாணவர் எந்தப் படியில் இடறுகிறார் என்பது தெரிந்துவிடும். நியூமனின் ஆய்விலேயே, தவறுகளில் ஏறக்குறைய பாதி கணக்கீட்டுப் படியை எட்டும் முன்பே நிகழ்ந்திருந்தது.

நம் மாணவர்களிடமும் அப்படியே இருந்தால், கூடுதல் பெருக்கல் பயிற்சி அவர்களுக்கு எதைத் தரும்? அப்போது எடுக்க வேண்டிய முடிவே வேறு: கணக்கு ஆசிரியரும் மொழி ஆசிரியரும் சேர்ந்து, சொற்கணக்கை வாசித்துத் தம் சொற்களில் திரும்பச் சொல்லும் பயிற்சியைத் திட்டமிட வேண்டும். கணக்கீட்டில்தான் இடறுகிறார்கள் என்று தெரிந்தால், கூடுதல் பாடவேளை என்ற முதல் எண்ணமே சரி. எந்த நிலையிலும், நேரத்தை எங்கே செலவிடுவது என்ற முடிவுக்கு ஓர் அடிப்படை கிடைத்துவிடுகிறது.

அடுத்து, பலனை அளப்பதில் நாம் எளிதில் ஏமாறும் இடத்தைக் கவனியுங்கள். மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களைத் தேர்ந்தெடுத்து, சில வாரங்கள் பயிற்சி தந்து, மீண்டும் தேர்வு வைத்து, சராசரி உயர்ந்துவிட்டது என்று அறிவிக்கிறோம். ஆனால் முதல் தேர்வன்று உடல்நலக் குறைவாலோ பதற்றத்தாலோ வழக்கத்தைவிடக் குறைவாக எழுதியவர்களும் அந்தக் குழுவில் இருப்பார்கள். எந்தப் பயிற்சியும் தராவிட்டாலும் அடுத்த தேர்வில் அக்குழுவின் சராசரி ஓரளவு உயரவே செய்யும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியல் இதைச் சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் கால்டன் இதை எடுத்துக்காட்டினார். மேலும், குழந்தைகள் நம் முயற்சி இல்லாமலும் வளர்கிறார்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய புள்ளியியல் அறிவு வேண்டியதில்லை. பயிற்சி தொடங்கும் முன்பே சில வாரங்களுக்குச் சிறு தேர்வுகள் வைத்து, மாணவர்களின் இயல்பான ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டு பிரிவுகள் இருந்தால், ஒரு பிரிவில் முதலிலும் மற்றதில் ஒரு மாதம் கழித்தும் பயிற்சியைத் தொடங்கலாம். முன்னேற்றம் இரண்டிலும் பயிற்சியைத் தொடர்ந்தே வந்தால் நம் நம்பிக்கைக்கு வலுக் கூடும். எல்லா மாணவர்களுக்கும் பயிற்சி கிடைத்துவிடுவதால் யாருக்கும் அநீதியும் இல்லை. மதிப்பெண்ணோடு, மாணவர்களின் ஏடுகளையும், அவர்கள் சொல்வதையும், உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அமர்ந்து குறித்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை ஒன்றோடொன்று முரண்பட்டால், அறிக்கையில் அந்த முரணை மறைக்காமல் எழுத வேண்டும்; அடுத்த சுழற்சிக்கான கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கும்.

தலைமையாசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இந்தப் பணிக்குக் கால அட்டவணையிலேயே நேரம் ஒதுக்குங்கள். பள்ளி முடிந்த பின் களைத்த ஆசிரியரிடம் கேட்கப்படும் ஆராய்ச்சி வெறும் படிவம் நிரப்புதலாகத்தான் மிஞ்சும். ஆராய்ச்சியில் வெளிப்படும் குறைகளை ஆசிரியரின் பணி மதிப்பீட்டுக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். "நான் முயன்ற முறை பலன் தரவில்லை" என்று ஓர் ஆசிரியர் அச்சமின்றிச் சொல்ல முடிகிற பள்ளியில்தான், பலன் தராத திட்டத்தை அடுத்த பருவத்திற்கு முன் நிறுத்தவும், அதில் செலவான பாடவேளைகளை மாணவர்களுக்குத் திருப்பித் தரவும் முடியும்.